டியூப் லைட்டை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்: பழைய கண்ணாடி உருண்டைகளோடு ஒரு கிறிஸ்துமஸ் வீடு

பரணில் இருந்து பழைய கிறிஸ்துமஸ் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் ஆசையாக எடுத்து மாட்டிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் நின்று பார்த்ததும் "என்ன இது, இப்படி அழுது வடியுது" என்று தோன்றியிருக்கிறதா? எனக்கு முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. வெள்ளி உதிர்ந்த உருண்டைகள், சாயம் போன காகித மணி, ஒரு சிறகு இல்லாத சம்மனசு, அதாவது தேவதூதர் பொம்மை. எல்லாவற்றையும் திரும்பக் கட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் பிளாஸ்டிக் பந்து வாங்கி வந்துவிடலாம் என்று செருப்பை மாட்டும்போது கரண்ட் போனது. அம்மா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தால் சவுக்குக் கொம்பில் தொங்கிய அத்தனை உருண்டைக்குள்ளும் ஒவ்வொரு சுடர். கடைக்குப் போகவில்லை.

அன்றைக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தப் பொருள்களில் குறை ஒன்றும் இல்லை, கூரையில் எரிந்த டியூப் லைட்டில்தான் குறை. கிறிஸ்துமஸ் கண்ணாடி உருண்டைகள் ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் உள்ள லௌஷா என்ற சின்ன ஊரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊதப்பட ஆரம்பித்தவை. அப்போது மரத்தில் கட்டியது மின்விளக்கு இல்லை, மெழுகுவர்த்தி. உருண்டையின் உட்புறம் வெள்ளிப்பூச்சு, வெளிப்புறம் மெல்லிய வண்ணம். அதாவது ஒவ்வொன்றும் வளைந்த ஒரு குட்டிக் கண்ணாடி. பக்கத்தில் சின்னதாக ஒரு சுடர் இருந்தால் அதை வாங்கி நமக்குத் திருப்பிக் காட்டும். மேலே இருந்து வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டினால் அது காட்டுவது தூசியையும் கறையையும் நம்முடைய வீங்கிய மூக்கையும் மட்டும்தான்.

அதனால் முதல் வேலை, அந்த அறையின் டியூப் லைட்டை டிசம்பர் முழுக்க மறந்துவிடுங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 6500 என்று இருந்தால் அது ஆஸ்பத்திரி வெளிச்சம். பல்பைக் கண் மட்டத்துக்குக் கீழே, மேசை விளக்காகவோ தரையில் மரத்துக்குப் பின்பக்கமாகவோ வையுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டாலும் பாதி வீடு மாறிவிடும்.

பெட்டியைத் திறக்கும் முன்

எங்கள் வீட்டுப் பெட்டி ஒரு தகர டிரங்க். தாத்தா கொழும்பில் கடைக்கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் லீவுக்குத் தூத்துக்குடி வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் வீட்டில் அது பிஸ்கட் டின்னாகவோ ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியாகவோ இருக்கலாம். எதுவானாலும் கட்டிலில் வைத்துத் திறக்காதீர்கள். தரையில் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் விளிம்பு உயர்ந்த ஒரு பெரிய தாம்பாளம், தாம்பாளத்தில் ஒரு துண்டு. உருண்டைக்கு உருள்வதுதானே வேலை, விளிம்பு இல்லாத இடத்தில் வைத்தால் அது போய்ச் சேரும் இடம் சிமெண்டுத் தரைதான். மின்விசிறியை நிறுத்துங்கள், பூனையை வெளியே விடுங்கள், சின்னப் பிள்ளைகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். உடைந்தால் இந்தக் கண்ணாடி முட்டை ஓட்டை விட மெல்லிசாகச் சிதறும், விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் பிள்ளைகள் வாயில் வைக்கும் உயரத்தில் எதையும் தொங்கவிடவும் வேண்டாம்.

அப்புறம் துடைப்பது. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறோம். ஈரத்துணி கூடவே கூடாது. வெளிப்பூச்சு பல உருண்டைகளில் தண்ணீர் பட்டாலே கரைந்து கையோடு வந்துவிடும், கழுத்து வழியாக ஒரு சொட்டு உள்ளே போனால் வெள்ளி உரிந்துவிடும். ஆச்சிக்குத் தெரியாமல் நான் எட்டாவது படிக்கும்போது இரண்டு கருஞ்சிவப்பு உருண்டைகளைச் சோப்பு நுரையில் முக்கி எடுத்தேன். வெறும் கண்ணாடி கிடைத்தது. வாட்டர் கலர் அடிக்கிற மெல்லிய பிரஷ், இல்லையென்றால் மேக்கப் பிரஷ், அது போதும். கழுத்தைப் பிடிக்காமல் உருண்டையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மேலே இருந்து கீழே லேசாகத் தூசி தட்டுங்கள். கறுப்புப் புள்ளிகள் போகாது. அது வெள்ளிக் கொலுசு கறுப்பது போல உள்ளே இருக்கும் வெள்ளி கறுத்தது, வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் அது அழகாகவே இருக்கும், விட்டுவிடுங்கள்.

கையில் எடுத்ததோடு எடுத்ததாக மேல் மூடியைப் பாருங்கள், அதில் ஊர் பேர் பொறித்திருந்தால் வயது தெரிந்துவிடும். வெஸ்ட் ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் செய்தது. யு.எஸ். ஜோன் ஜெர்மனி என்று இருந்தால் போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே இருந்த 1945 முதல் 1949 வரையிலான சரக்கு. மூடி தகரமாக இல்லாமல் காகிதமாக இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க உருண்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். 1937இல் மாக்ஸ் எக்கார்ட் என்பவர் ஷைனி பிரைட் என்ற பெயரில் உருண்டை விற்க ஆரம்பித்தார். போர் வந்தால் ஜெர்மன் சரக்கு நின்றுவிடும் என்று யோசித்து, கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் மின்பல்புக்குக் கண்ணாடி ஊதிக்கொண்டிருந்த இயந்திரத்திலேயே உருண்டையையும் ஊத வைத்தார். போர் வந்தது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு, உள்ளே வெள்ளிப்பூச்சு கிடையாது, வெறும் கண்ணாடியில் மெல்லிய வண்ணக் கோடுகள், மேலே அட்டை மூடி. வெள்ளி பூசாத, உள்ளே தெரிகிற உருண்டை கையில் கிடைத்தால் மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூடி ஆடினால் கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி இரண்டு கால்களாக இருக்கும், அதை லேசாக விரித்துவிட்டுத் திரும்பச் செருகினால் பிடித்துக்கொள்ளும். மூடியே தொலைந்திருந்தால் மலிவான புது உருண்டையின் மூடியைக் கழற்றிப் போடலாம், கழுத்து அளவு பெரும்பாலும் ஒத்துவரும். கழுத்து விளிம்பு உடைந்து மூடி நிற்கவே நிற்காது என்றால் அதைத் தொங்கவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் உடைந்த பக்கம் கீழே இருக்கிற மாதிரி போட்டு, ஜாடிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வையுங்கள். ஊறுகாய் ஜாடி, பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில், எது இருந்தாலும் சரி. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மரத்தை இல்லை, அந்த ஜாடியைத்தான்.

கொக்கிகள் துருப்பிடித்திருக்கும். கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடையில் பழைய செம்புக் கம்பித் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், மெல்லிசாக, வளைக்க எளிதாக இருக்கும், துருப்பிடிக்காது. இல்லையென்றால் தையல் நூலை இரட்டையாகப் போடுங்கள். நைலான் நூல் வேண்டாம், முடிச்சு வழுக்கிவிடும்.

மரம்

பைன் மரம் நமக்குக் கிடையாது, சவுக்குதான் நம் ஊர்க் கிறிஸ்துமஸ் மரம். பிளாஸ்டிக் மரம் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் டிசம்பர் மூன்றாவது வாரம் சைக்கிள் கேரியரில் சவுக்குக் கொம்பு கட்டிக்கொண்டு யாராவது போகாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. பழைய வீட்டுக் கிறிஸ்துமஸ் வேண்டும் என்றால் என்னுடைய ஓட்டு சவுக்குக்குத்தான். ஆனால் அதன் குணம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கிளைகள் தளர்ந்து தொங்கும், ஊசி இலை வழுவழுப்பு, நுனியில் உருண்டையை மாட்டினால் சரிந்து கீழே வந்துவிடும். எனவே உருண்டையைக் கிளையின் கணுவில், தண்டுக்குப் பக்கத்தில் நூலால் கட்டுங்கள். கனமானவை உள்ளே, கீழே. நுனிக்கு இலேசான காகிதப் பூ, ஜிகினாத் தாளில் வெட்டிய நட்சத்திரம். உருண்டைகள் உள்ளே தள்ளி இருப்பதால் இலைக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும், அதுதான் அழகு. பிளாஸ்டிக் மரத்தில் எல்லாவற்றையும் வெளி விளிம்பில் மாட்டி நகைக்கடை விளம்பரம் போல ஆக்கிவிடுகிறோம்.

கொம்பை நட ஒரு வாளி, வாளி நிறைய ஆற்று மணல் அல்லது செங்கல் துண்டுகளோடு மண், தினமும் ஒரு செம்பு தண்ணீர். தண்ணீர் ஊற்றினாலும் வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். காய்ந்த சவுக்கு பற்றினால் அணைக்க நேரம் இருக்காது. அதனால் டிசம்பர் 20க்கு முன்னால் வெட்டிக்கொண்டு வராதீர்கள், புத்தாண்டு முடிந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், நிஜ மெழுகுவர்த்தியை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். பனி என்று சொல்லிப் பஞ்சைப் பிய்த்து மேலே தூவுவதும் எனக்குப் பிடிக்காத வேலை. பஞ்சும் சூடான பல்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, அதோடு தூத்துக்குடியில் எப்போதய்யா பனி பெய்தது? வாளியை மறைக்க ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையைச் சுற்றினேன், அது இன்றுவரை மரத்தை விடப் பேர் வாங்குகிறது.

அமெரிக்கக்காரர்கள் ரெட்ரோ கிறிஸ்துமஸ் என்றதும் வெள்ளியாகப் பளபளக்கும் அலுமினிய மரத்தைத்தான் சொல்வார்கள். 1959 வாக்கில் விஸ்கான்சின் மாநிலத்து மானிட்டோவாக் என்ற ஊரில் இருந்து வந்தது அது. உலோக மரம் என்பதால் அதில் மின்சரம் சுற்றினால் ஷாக் அடிக்கும் ஆபத்து. அதற்காகவே தரையில் இருந்து நிறம் மாறி மாறி அடிக்கும் சுழல் விளக்கு வைத்தார்கள். நமக்கு அந்த மரம் வேண்டாம், ஆனால் தரையில் இருந்து வெளிச்சம் அடிக்கும் அந்த யோசனையைத் திருடலாம்.

சீரியல் செட் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாக

பெட்டியில் பழைய சீரியல் பல்புச் சரம் இருந்தால் தயவுசெய்து அப்படியே பிளக்கில் செருகாதீர்கள். எனக்கும் அந்தக் குண்டு குண்டு பல்புகள் மேல் ஆசைதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 6 வோல்ட் பல்புகள் 38 அல்லது 40ஐ ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து 230 வோல்ட்டை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிற ஏற்பாடு. ஒன்று போனால் எல்லாம் அணையும். அணைந்த பல்பை வெட்டிவிட்டு ஒயரை முறுக்கி ஒட்டுப் போடுவோம், மீதிப் பல்புகளுக்குப் பங்கு கூடிச் சீக்கிரம் போகும், இன்னொரு ஒட்டு. இப்படிப் பத்து வருடத்தில் ஒரு சரத்தில் பத்து ஒட்டு. பல்பு 6 வோல்ட்தானே என்று நினைத்து டேப் உரிந்த ஒட்டைத் தொட்டால் அடிப்பது 230 வோல்ட். ஈரச் சுவரும் ஈர மண் வாளியும் பக்கத்தில். நான் செய்வது இதுதான்: பழைய சரத்தை ஒயரோடு வெட்டி, கலர் பல்புகளை மட்டும் கழற்றி, ஒரு வெண்கல உருளியில் குவித்து வைத்துவிடுவேன், எரியாது, ஆனால் பக்கத்து விளக்கில் மின்னும். எரிவதற்கு மஞ்சள் நிற எல்.இ.டி. சரம் ஒன்றே ஒன்று, மினுமினுக்காத வகை. எட்டு விதமாக ஓடி ஓடி எரியும் சரம் பழைய கண்ணாடியின் பக்கத்தில் இருந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

வெளிநாட்டில் இருந்து யாராவது பழைய அலங்காரப் பெட்டி அனுப்பி, அதில் பொட்டலமாக வெள்ளைப் பனித்தூள் இருந்தால் பிரிக்காதீர்கள். 1930, 40களில் அமெரிக்காவில் செயற்கைப் பனி என்று விற்றதில் அஸ்பெஸ்டாஸும் உண்டு.

வாசலில் ஸ்டார்

கடையில் மடித்துத் தொங்கும் அட்டை ஸ்டார் இருநூறுக்கும் முந்நூறுக்கும் கிடைக்கிறது, எல்.இ.டி. ஸ்டார் வேறு வந்துவிட்டது. ஆனால் வீட்டில் கட்டிய மூங்கில் ஸ்டாருக்கு இருக்கும் களை தனி. ஒரு சாயங்காலம் போதும்.

இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகள் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே தடிமன், இதில் மட்டும் சோம்பல்படக் கூடாது. ஐந்து சிம்பை, கையை எடுக்காமல் கோலத்தில் ஐந்துமுனை நட்சத்திரம் இழுப்போமே அதே வரிசையில், ஒன்றின் மேலும் அடுத்ததின் கீழுமாகப் பின்னி முனைகளை நூலால் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்கள் இருக்கும், அங்கே இரண்டு சட்டத்துக்கும் இடையில் ஐந்து அங்குலக் குச்சி ஒவ்வொன்றைக் கொடுத்து நிமிர்த்தினால் வயிறு உப்பிக்கொண்டு ஸ்டார் எழுந்து நிற்கும். அந்த நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம். மூங்கில் முறுக்கிக்கொண்டு முனை கோணினால் அந்தச் சிம்பை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள், சொன்ன பேச்சு கேட்கும்.

ஒட்டுவதற்குப் பட்டம் செய்கிற கைட் பேப்பர், சிவப்பும் மஞ்சளும் அல்லது வெள்ளையும் நீலமும். பசை வீட்டில் காய்ச்சிய மைதாப் பசைதான், கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலப்பார்கள். துத்தம் விஷம், கலந்த கையைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை, சமையல் பாத்திரத்தில் கலக்கவும் கூடாது. பேப்பரைச் சட்டத்தை விட அரை அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தைச் சிம்பின் மேல் மடித்து ஒட்டுங்கள். ஒட்டும்போது தொய்வாகத் தெரிந்தால், காய்ந்தபின் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தால் உலர்ந்து விறைத்துக்கொள்ளும், சாயம் போகாத பேப்பர்தானா என்று ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் கதவு போல விட்டால் பல்பை உள்ளே இறக்கலாம். முன்பு 40 வாட் குண்டு பல்பு போட்டு, ஸ்டார் கருகி ஓட்டையான வீடுகள் நிறைய. இப்போது 3 வாட் எல்.இ.டி. போதும், சூடும் கிடையாது.

ஒரே எதிரி மழை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. மாடிக் கம்பில் உயர ஏற்றி ஊருக்கே காட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குள், சாரல் படாத இடத்தில் கட்டுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டுப் பார்த்தேன், உள்ளே வேர்த்துப் பசை விட்டுப்போனது.

குடில்

இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டுவதுதான் குடில். முதல் குடிலை 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் அமைத்தார் என்பார்கள், அது நிஜ மாடும் கழுதையும் நின்ற குடில். நம் வீட்டுக் குடிலின் பெருமையே வேறு. ஒட்டகத்தை விடப் பெரிய வாத்து, எங்கோ திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிங்கம், யார் கொண்டுவந்தது என்றே தெரியாத ஒரு ரப்பர் பசு. புதுசாக ஒரே அளவில் ஒரே பாணியில் செட் வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, பண்ருட்டிப் பொம்மைகள் அருமையாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெரிய வாத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய குடிலை அடையாளம் காட்டுவதே அதுதான்.

பொம்மைகளில் சின்ன மூளி இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தயிர் பதத்தில் குழைத்து அடைத்து, உலர்ந்ததும் அந்த இடத்தில் மட்டும் போஸ்டர் கலர் தொடுங்கள். முழுசாகப் பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். என் தம்பி ஒருமுறை மாதாவின் கணவரான சூசையப்பருக்கு மிச்சம் இருந்த கேட் எனாமலை அடித்துவிட்டான். மாதாவும் குழந்தை இயேசுவும் அமைதியாக இருக்க, பக்கத்தில் சூசையப்பர் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கிளம்பியவர் போல மினுங்கிக்கொண்டு நிற்கிறார், பதினைந்து வருடமாக.

மலைக்குக் காக்கிப் பேப்பரைக் கசக்கி, கெட்டியான கஞ்சியில் தோய்த்து, கவிழ்த்த டப்பாக்கள் மேல் போர்த்திக் காயவிடுங்கள். காய்ந்தால் கல் மாதிரி நிற்கும். அதன் மேல் கறுப்பையும் பச்சையையும் பழைய துணிப் பந்தால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஒரு சிட்டிகை ஜிகினாத்தூள். குளத்துக்குக் கண்ணாடித் துண்டு, கரையில் மணல் தூவி விளிம்பை மறைத்துவிடுங்கள். புல் வேண்டும் என்றால் டிசம்பர் 13, 14 தேதியில் கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, தட்டில் ஈர மணலில் நெருக்கமாகத் தூவி, முதல் இரண்டு நாள் இருட்டில், பிறகு வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். 24ஆம் தேதிக்கு இரண்டு மூன்று அங்குலத்தில் பச்சைப்பசேலென்று நிற்கும். சிரட்டைகளில் விதைத்தால் தேவைப்படும் இடத்துக்கு நகர்த்தலாம். குழந்தை இயேசுவை 24 இரவு வரை வைக்காமல் காலித் தொட்டில், குழந்தையைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள் வீட்டின் மறுகோடி ஜன்னலில் இருந்து தினமும் ஒரு சாண் நகர்ந்து ஜனவரி 6க்கு வந்து சேர்வார்கள். எங்கள் வீட்டில் ராஜாக்களை நகர்த்துவது யார் என்பதில்தான் வருடாவருடம் சண்டை.

மேசை, சுவர்

சாப்பாட்டு மேசைக்குப் புதுத் துணி வாங்கும் முன் அலமாரியில் பழைய லேஸ் விரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தெற்கத்தி வீடுகளில் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லின் மனைவி, அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். முளகுமூட்டிலும் இந்த வேலை பேர் பெற்றது. அந்தக் கைகளில் இருந்து வந்த ஒரு துண்டு உங்கள் பாட்டியின் சீர்ப் பெட்டியில் இருந்தால் அதை விட நல்ல விரிப்பு எந்தக் கடையிலும் இல்லை. மஞ்சளாகியிருந்தால் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாமல், குளிர்ந்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, மென்மையான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் சமதரையில் விரித்து உலர்த்துங்கள். கம்பியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நூல் இழுத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு மூலை கிழிந்திருந்தால் கிழிசல் மேல் எனாமல் தட்டை வைத்துக் கேக்கை வைத்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

சுவருக்கு வாழ்த்து அட்டைகள். தபாலில் வந்த அட்டைகள் ஒரு காலத்தில் ஒரு கட்டு இருக்கும். சணல் கயிற்றை ஜன்னலில் இருந்து ஜன்னலுக்கு இழுத்துக் கட்டி, அட்டையின் மடிப்பைக் கயிற்றின் மேல் போட்டாலே நிற்கும், காற்றுக்கு வேண்டுமானால் மரக் கிளிப். செல்லோடேப்பும் பின்னும் வேண்டாம், டேப் பத்து வருடத்தில் பழுப்புத் தழும்பாகிவிடும். க்ரீப் பேப்பரை முறுக்கி நாலு மூலையில் இருந்து நடுவுக்கு இழுத்து, நடுவில் மடித்து விரிக்கும் காகித மணி ஒன்று, அது போதும். பழைய கல்யாண வீட்டு வாசனை வந்துவிடும், எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது, எனவே ஹாலில் மட்டும்.

வீட்டில் எதுவுமே மிச்சம் இல்லை என்பவர்களுக்கு: உறவில் கேளுங்கள், முதலில் கேட்க வேண்டியது பரண் இருக்கும் பெரியம்மா, அத்தை வீடுகளில். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிறிஸ்துமஸ் சாமான் என்று தேடினால் ஏமாற்றம்தான், ஆனால் எனாமல் தட்டு, வண்ணக் கண்ணாடி விளக்கு, தகர டப்பாக்கள் என்று பக்க வாத்தியங்கள் எல்லாம் அங்கே உண்டு. உருண்டை வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பழைய கண்ணாடி கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசு, முழு உருண்டையாகவும் இருக்காது, நடுவில் ஒட்டுக்கோடு ஓடினால் அது பிளாஸ்டிக். ஐந்து நல்ல உருண்டைகள் கிடைத்தாலே ஒரு ஜன்னலுக்குப் போதும். வெவ்வேறு நீள நூலில் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கீழே சீனா களிமண் ஜாடியில் சவுக்குக் கொத்து வையுங்கள். வீடு முழுக்கப் பரப்பினால் எதுவும் தெரியாது, ஒரு மூலை, ஒரு ஜன்னல், ஒரு மேசை என்று குவியுங்கள். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ்காரர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நிற்கும்போது அவர்கள் பார்ப்பது அந்த ஒரு மூலையைத்தான்.

திரும்பக் கட்டி வைப்பது

மாட்டுவதில் உடைவதை விடக் கட்டி வைப்பதில் உடைவது அதிகம், ஏனென்றால் ஜனவரியில் யாருக்கும் பொறுமை இருக்காது. முட்டை அட்டை சின்ன உருண்டைக்குச் சரியாக இருக்கும், புது அட்டையாகப் பாருங்கள், முட்டை வழிந்த அட்டை பூச்சியைக் கூப்பிடும். ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூவில் சுற்றுங்கள், செய்தித்தாள் மை ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும். மழை நாளில் கட்டாதீர்கள், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு மத்தியானம் கட்டுங்கள். ஷூ பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து நாலைந்து போடுங்கள். அந்துருண்டை வேண்டாம், பிளாஸ்டிக் பொம்மைகள் சிலவற்றை அது இளக்கிவிடும். ஒரு சின்னத் துணிப் பையில் காய்ந்த வேப்பிலை போதும். ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் பரண் கோடையில் அடுப்பு மாதிரி கொதிக்கும், வெள்ளி உதிர்வதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம், எனவே பீரோவின் அடித்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

எங்கள் டிரங்கின் மூடிக்கு உள்பக்கம் ஆச்சி ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் கட்டி வைக்கும்போது எண்ணி எழுதியது. "பெரிசு 24, சின்னது 36, மணி 2." அதற்கு அடுத்த வரியில் 23, அதற்கடுத்து 23, ஒரு வருடம் 19, பக்கத்தில் "பூனை" என்று மட்டும். இப்போது எண்ணிக்கை 11இல் நிற்கிறது. நீங்களும் ஒரு தாள் ஒட்டுங்கள், பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.